பதினாறு அலமேலு தாங்கும் அச்சு

கலியாணசுந்தரம் தன் மனைவியை எடைக்கல்லாக வைத்து வியாபாரம் செய்தார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மலாக்காவில், காஜா பெராங்கில், அந்தக் காலத்து ஆட்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ஊரறிந்த விஷயம் அது. அறியாதவள் ஒருத்திதான். அவள் அலமேலு. அந்த எடைக்கல்லே அவள்தான்.

மாரியம்மன் கோயிலுக்கு நாலு வீடு தள்ளி, தகரக் கூரை போட்ட கொட்டகையில் பழைய டிரெய்லர் அச்சு விற்பது அவர் தொழில். வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப் போட்ட டிரெய்லர்களை ஏலத்தில் எடுத்து, மேல்கட்டையைக் கழற்றி விறகுக்குத் தள்ளிவிட்டு, அச்சையும் சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் மட்டும் வைத்துக்கொள்வார். குருபோங் பக்கத்து அன்னாசித் தோட்டக்காரர்களும் கிளேபாங் கொப்பரைக்காரர்களும் அதை வாங்கிப் போய்த் தங்கள் வண்டியை அதன் மேல் கட்டிக்கொள்வார்கள்.

புது அச்சு என்றால் நடுவில் ஒரு பித்தளைத் தகடு இருக்கும். எவ்வளவு சுமை தாங்கும் என்று அதில் வெட்டியிருக்கும். பழைய அச்சில் சக்கரம் இருக்கும், சேறு இருக்கும், ஒரு தடவை குழாய்க்குள் உயிரோடு ஓர் உடும்புகூட இருந்தது. அந்தத் தகடு மட்டும் இருக்காது. வருகிறவர்களோ வேறெதையும் கேட்கமாட்டார்கள். எவ்வளவு தாங்கும்? அது ஒன்றுதான் கேள்வி.

அதைக் கண்டுபிடிக்க வழி இல்லாமல் இல்லை. ஸ்பிரிங்கில் எத்தனை பட்டை, ஒவ்வொன்றும் என்ன கனம், சக்கரம் மாட்டுகிற முனை எவ்வளவு பருமன், நட்டு எத்தனை என்று பார்க்க வேண்டும். இவற்றில் எது இளைத்ததோ, அச்சின் பலம் அவ்வளவுதான். கலியாணசுந்தரம் கையால் தடவியே சொல்லிவிடுவார். ஆனால் விற்கிறவன் வாயால் சொல்வதை வாங்குகிறவன் எங்கே நம்புகிறான்? கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். கண்ணுக்குக் காட்ட எடை தெரிந்த ஒரு பாரம் வேண்டும். இரும்புக் கல் வாங்கிப் போட அவருக்கு மனம் வரவில்லை. வீட்டில்தான் அலமேலு இருந்தாளே.

அவள் எடை அவருக்குத் தெரிந்ததே ஒரு கூத்து. கிளேபாங்கில் ஒரு கொப்பரைக் கிடங்குக்கு இரண்டு பேரும் போயிருந்தார்கள். நல்ல வெயில். நிழலாக இருக்கிறதே என்று அலமேலு தரைத் தராசின் பலகைமேல் ஏறி நின்றுகொண்டு, தேங்காய்க்காரியிடம் பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். எடை பார்க்கிறவன் தராசுக் கோலைத் தவிர வேறெதையும் பார்த்துப் பழக்கமில்லாதவன். முதுகைக் காட்டியபடியே, "ரெண்டு பிக்குல், பத்துக் கட்டி கம்மி!" என்று மலாயில் கூவினான். ஒரு பிக்குல் என்பது நூறு கட்டி, ஓர் ஆள் தோளில் சுமக்கிற பாரம். அலமேலு காதில் அது விழவில்லை. அவள் தேங்காய்க்காரியைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கலியாணசுந்தரம் காதில் விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு சாயந்திரமானால் கொட்டகையில் ஒரு சடங்கு நடக்கும். விற்க வேண்டிய அச்சை இரண்டு பக்கமும் மரக்கட்டைமேல் ஏற்றி, ஸ்பிரிங்குகளின் மேல் குறுக்கே ஒரு பலகை போட்டு, பலகைமேல் பாய் விரித்துவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுப்பார்.

"அலமேலு, வா புள்ள. செத்த நேரம் காத்தாட ஒக்காரு."

அவள் முகம் கழுவி, தலையில் பூ வைத்து, தேத்தண்ணிக் குவளைகளோடு வந்து பாயில் உட்காருவாள். ஸ்பிரிங் இறங்கும். கலியாணசுந்தரம் கீழே விழுந்த ஆணியைத் தேடுகிற மாதிரி தரையில் படுத்து, இரும்பு அளவுகோலை நிறுத்தி எத்தனை நூல் இறங்கியது என்று பார்ப்பார். எட்டு நூல் ஓர் அங்குலம். அதை வைத்து இந்த அச்சு எட்டு அலமேலு தாங்கும், இது பத்து அலமேலு தாங்கும் என்று முடிவு கட்டி, எதிரே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு விரலால் காட்டுவார். பக்கத்திலிருந்த மலாக்காச் சிட்டிகள், அந்தக் காலத்திலேயே வந்து குடியேறிய செட்டி வம்சத்தார். அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான் பேசுவார்கள். அவர்கள் மலாயிலும் இந்த அளவு நுழைந்துவிட்டது.

ஒரே ஒரு கட்டுப்பாடு, யாரும் சிரிக்கக் கூடாது. ஒருவர் சிரித்தால் அலமேலுவும் சிரிப்பாள். அவள் சிரித்தால் ஸ்பிரிங் ஆடும், நூல் கணக்குப் பிசகும். அதனால் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல முகத்தை வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பார்கள். மலாக்கா வியாபாரிகள் எல்லாம் ரொம்ப அழுத்தமான மனுஷர்கள் என்று அலமேலு நினைத்திருந்தாள். அவர்களைக் கலகலப்பாக்கலாம் என்று அக்கம்பக்கத்துக் கதையெல்லாம் சொல்வாள். கலியாணசுந்தரம் "ம்" கொட்டுவார். அந்த "ம்" கதைக்கு இல்லை, ஸ்பிரிங்குக்கு.

பக்கத்து வீட்டு அஞ்சலையிடம் குழாயடியில் அவள் பெருமையாகச் சொல்வாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நான் பக்கத்துல ஒக்காராம தேத்தண்ணி எறங்காது. ஆளுங்க வந்திருந்தாக்கூட வெக்கப்படாமக் கூப்புடுறாரு பாத்தியா? இந்த ஊருல எந்த ஆம்பள இப்படிக் கூப்புடுறான்?"

அஞ்சலைக்கு விஷயம் தெரியும். அவள் வாளிக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொள்வாள். சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. பாவம், கலியாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாயாரச் சொல்லிக்கொள்கிற ஒரே சந்தோஷம் அது.

அந்த ஒரு விஷயம் அவள் காதுக்கு எட்டிவிடக் கூடாது என்பதுதான் கலியாணசுந்தரத்துக்கு உலகத்திலேயே பெரிய பயம். எட்டினால் உட்காரமாட்டாள், வியாபாரம் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். பயம் அது மட்டும்தானா என்று அவர் யோசித்துப் பார்த்ததில்லை. இரும்போடு பழகிய ஆள். இரும்பு கேட்காத கேள்விகளை அவரும் கேட்டுக்கொள்வதில்லை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு கடைசியில் மெர்டேக்கா, நம் பேச்சில் சுதந்திரம், என்று முடிவாயிற்று. மலாக்காத் திடலில் ஊர்வலம், ஒவ்வொரு வட்டாரமும் ஓர் அலங்கார வண்டி கொண்டுவர வேண்டும் என்று செய்தி வந்தது. காஜா பெராங் தமிழர்கள் மே மாதமே கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டார்கள். தலைவர் ராஜரத்தினம். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். பேசினாலே யாரோ எழுதிக்கொள்கிறார்கள் என்ற நினைப்பில், கமா வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார்.

காஜா என்றால் மலாயில் யானை. ஊர்ப் பேரிலேயே யானை இருப்பதால் வண்டியிலும் யானை என்று தீர்மானம் ஆயிற்று. மூங்கிலும் காகிதமும் வைத்து யானை கட்டித் தருவதாகப் பந்தல்காரர் அப்பாசாமி ஒப்புக்கொண்டார். அடியில் போடுகிற அச்சு கலியாணசுந்தரத்தின் பொறுப்பு.

"நாட்டுக்கே சுதந்திரம் வருது, கலியாணசுந்தரம்," என்றார் கிராணியார். "அன்னிக்கு, அத்தன பேரு முன்னால, உங்க எக்சல் ஒடஞ்சா, காஜா பெராங் தமிழன் மானம், கப்பலேறிடும்."

அன்று மத்தியானம் கலியாணசுந்தரத்துக்குச் சோறு இறங்கவில்லை. அலமேலு பார்த்தாள். நேரே கோயிலுக்குப் போய் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டாள். தன் புருஷன் கொடுக்கிற அச்சு மெர்டேக்கா அன்றைக்கு அவரைத் தலைகுனிய வைக்காமல் இருக்க வேண்டும். அதுவரை தான் ஒரு வேளைதான் சாப்பிடுவேன், மற்றபடி பச்சைத் தண்ணீர். வெளியே சொன்னால் வேண்டுதல் பலிக்காது என்பது அவள் எண்ணம். அதனால் அவரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குப் பரிமாறிவிட்டுப் பிறகு சாப்பிடுவதுதான் அவள் வழக்கம். அவள் பிறகு சாப்பிட்டாளா என்று திரும்பிப் பார்ப்பது அவர் வழக்கமில்லை.

ஜூன் போய் ஜூலை வந்தது. ஊர்வலத்துக்கு ஏற்ற அச்சைத் தேடி ஏலம் ஏலமாக அலைந்ததில், அந்த இரண்டு மாதமும் அவர் பாய் விரித்து அளக்கவே இல்லை. அலமேலு தன் ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை வேலி ஓரம் நின்று, "அண்ணே, அக்கா ரொம்ப எளச்சிட்டாங்களே, பாத்தீங்களா?" என்று கேட்டாள். "ஆமா, ஆமா, கிரீஸ் போட்டா சரியாயிடும்," என்றார் அவர். கையில் அப்போது ஒரு பேரிங் இருந்தது. ஒரு நாள் கொட்டகை வாசலில் அலமேலுவின் வளையல் தானாகக் கழன்று அவர் காலடியில் உருண்டு வந்து நின்றது. எடுத்துப் பார்த்தார். வெயிலுக்கு உலோகம் விரியும், அவருக்குத் தெரியாத சங்கதியா? "நெழல்ல வையி, சுருங்கிடும்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். இப்படிப்பட்ட மனுஷனுக்காக ஒருத்தி பட்டினி கிடக்கிறாளே என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது.

ஆகஸ்டு முதல் வாரம் தம்பின் பக்கத்து ஏலத்தில் அவர் தேடிய அச்சு கிடைத்தது. கொண்டுவந்து கழுவி, எண்ணெய் பூசி, கையால் தடவிப் பார்த்தார். பட்டை ஏழு. முனை பெரிய பருமன் இல்லை. நட்டு ஐந்து. பன்னிரண்டு அலமேலு தாங்கும் என்றது கை. பாய் விரித்துக் குரல் கொடுத்தார்.

கை சொன்னது சரியானால் இரண்டு நூல் இறங்க வேண்டும். அலமேலு உட்கார்ந்தாள். ஒன்றரை நூல்தான் இறங்கியது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பார்த்தார். அலமேலுவை எழுந்து மறுபடி உட்காரச் சொன்னார். அவள் அஞ்சலை வீட்டு வான்கோழி வேலி தாண்டி ஓடிப்போய் ஒரு சிட்டி வீட்டுக் கலியாணப் பந்தலுக்குள் புகுந்த கதையைச் சொல்லிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். அதே ஒன்றரை நூல்.

"பதினாறு!" என்று அவர் தரையில் படுத்தபடியே கத்திவிட்டார்.

"பதினாறு இல்லீங்க, ஒரு வான்கோழிதான்," என்றாள் அலமேலு.

கை பன்னிரண்டு என்கிறது, அலமேலு பதினாறு என்கிறாள். யாரை நம்புவது? கை தவறலாம், பட்டை ஏமாற்றலாம். இத்தனை வருஷத்தில் அலமேலு ஒரு தடவையும் தவறியதில்லை. அவர் அலமேலுவை நம்பினார். அவளை அவர் நம்பாத நாளே கிடையாது என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். நம்புவதற்கு முன்னால் ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்திருக்கலாம், அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டத்தில் பதினாறு என்ற எண்ணைக் கேட்டதும் மண்டபமே எழுந்து நின்றது. முதலில் யானையும் தலைவரும் போதும் என்றுதான் பேச்சு. பதினாறு என்றானதும் எல்லாருக்கும் வண்டியில் ஏற வேண்டும். கிராணியார் எல்லாரையும் அமர்த்தி, ஒவ்வோர் ஆளும் எத்தனை அலமேலு என்று கணக்குப் போட உட்கார்ந்தார். ஆள் ஆளாக முன்னால் வந்து திரும்பி நின்றார்கள். கலியாணசுந்தரம் பார்த்துச் சொன்னார்.

"யானை, முக்கால் அலமேலு," என்றார்.

யாரும் அதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை.

"கிராணியார், முக்கால். அப்பாசாமி, அரை."

அப்பாசாமிக்குச் சுருக்கென்றது. "அண்ணே, நான் ஒரு ஆம்பள. என் பொஞ்சாதி காதுல விழுந்தா என்ன ஆவுறது? ஒரு முக்காலாவது போடக்கூடாதா?"

"கணக்குக்கு, தயவு தாட்சணியம், கிடையாது," என்றார் கிராணியார். ஆனால் அவர் உட்காரப்போகிற தேக்கு நாற்காலி கால் அலமேலு என்று சொன்னபோது மட்டும், அது அத்தனை இல்லை, இலேசான தேக்கு என்று வாதாடினார். நாதசுரமும் தவிலும் ஏறின. வாழை மரங்கள் ஏறின. ஓர் அண்டா பானகம் ஏறியது. சாமான் சுமையெல்லாம் சேர்த்து முடித்தபோது இன்னும் கால் அலமேலுவுக்கு இடம் மிச்சம் இருந்தது. கால் அலமேலு எடையில் ஊரில் ஆள் யாரும் இல்லாததால், மேடைக்கு முன்னால் உடைக்க ஒரு மூட்டை தேங்காய் வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. பதினாறு என்றால் பதினாறு. சொட்டுக் குறையவில்லை.

மெர்டேக்கா அன்று மலாக்கா முழுக்கத் தெருவில் இருந்தது. கொடி, தோரணம், வாத்தியம். ஒரு லோரி முன்னால் இழுக்க, காஜா பெராங் யானை தும்பிக்கையைத் தூக்கியபடி புறப்பட்டது. யானையைச் சுற்றி ஆட்கள் கோழிக் கூடையில் அடைத்த மாதிரி நின்றார்கள். ஊரே மேலே பார்த்துக் கை தட்டியது. கலியாணசுந்தரம் ஒருவர்தான் வண்டிக்குப் பக்கவாட்டில் நடந்தபடி கீழே, ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போதே அது அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் இறங்கியிருந்தது. ஆற்றுப் பாலம் தாண்டும்போது வளைவு போய்ப் பலகைபோல நேராகிவிட்டது. "அப்பாசாமி, நீ எறங்கு!" என்று கத்தினார். "அரைதானேண்ணே நானு!" என்று மேலேயிருந்து பதில் வந்தது. திடல் வாசலில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரு பட்டை போயிற்று. நாதசுரச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. அவருக்கு மட்டும் கேட்டது.

பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த மேடைக்கு நேர் எதிரே வந்தபோது மிச்சப் பட்டைகளும் கூட்டாகப் போயின. வண்டி மேடைப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. கயிற்றில் கட்டியிருந்த யானை மெதுவாகக் குனிந்து, முன்னங்காலை மடக்கி, தும்பிக்கையைத் தரையில் தொட்டு நின்றது. மேலே இருந்தவர்கள் அத்தனை பேரும் சரிந்து ஒரு மூலையில் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கிராணியார் தேக்கு நாற்காலியோடு வழுக்கி வந்து யானைக் காதில் தட்டி நின்றார். பயத்தில் அவர் இரண்டு கையையும் கூப்பியிருந்தார். தேங்காய்கள் உருண்டு போய் மேடைப் படியில் ஒவ்வொன்றாக மோதின.

திடலில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒலிபெருக்கிக்காரர் மலாயில் குரலை உயர்த்தி, காஜா பெராங் யானை சுதந்திர மலாயாவுக்கு மண்டியிட்டு வணக்கம் செலுத்துகிறது என்று அறிவித்தார். அவ்வளவுதான், கை தட்டல் வானத்தைப் பிளந்தது. அன்றைக்கு வேறு எந்த வண்டிக்கும் அப்படித் தட்டவில்லை. கிராணியார் நிலைமையைப் புரிந்துகொண்டு, கூப்பிய கையை எடுக்காமலே நாலு பக்கமும் திரும்பினார். இதற்காக மூன்று மாதம் ஒத்திகை பார்த்தோம் என்று அப்போதே பக்கத்திலிருந்தவரிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கலியாணசுந்தரம் வண்டிக்கடியில் படுத்து, முறிந்த பட்டையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மானம் போகவில்லை. அது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. பதினாறு எப்படித் தப்பும்? அலமேலு எப்படித் தப்புவாள்?

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அலமேலு ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"என்னங்க! பாத்தீங்களா? ஆத்தா கைவிடல! மே மாசத்துலேருந்து ஒரு வேளைதாங்க சாப்புட்டேன், உங்க எக்சலுக்காக. பலிச்சிருச்சு பாத்தீங்களா!"

கலியாணசுந்தரம் வண்டிக்கடியிலிருந்து தலையை நீட்டினார். மூன்று மாதத்துக்குப் பிறகு, அப்போதுதான் முதல் தடவையாக அவளைப் பார்த்தார். கழுத்து எலும்பு தெரிந்தது. வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது. அந்த இடத்தில் ஒரு மனுஷன் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் சொன்னது இது:

"அடிப்பாவி! எத்தன கட்டி கொறஞ்ச?"

"என்னது?"

"கால்வாசி போயிருக்கியே! அதான் ஒன்றர நூல்! பன்னெண்டத்தான் பதினாறுன்னு காட்டியிருக்க! சொல்லியிருக்கக்கூடாதா?"

அலமேலுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கி வந்த அப்பாசாமி, நல்ல மனசுக்காரர், அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டார்.

"நீங்க கவலப்படாதீங்கக்கா. உங்க மேல தப்பே இல்ல. ஊரே உங்கள வெச்சுத்தானே எக்சல் அளக்குது. நான் அரை அலமேலு. இந்த யானை முக்கால்."

அலமேலு யானையைப் பார்த்தாள். அப்பாசாமியைப் பார்த்தாள். கடைசியில் புருஷனைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"சாயந்தரம் சாயந்தரம் காத்தாட ஒக்காருன்னு கூப்புட்டதெல்லாம்... இதுக்கா?"

இல்லை என்று சொல்ல வேண்டும் என்று கலியாணசுந்தரத்துக்குத் தெரிந்தது. வந்த வார்த்தை வேறு.

"நீ ஒக்காந்தா கணக்கு தப்பாது, புள்ள."

அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய பாராட்டு அது. அலமேலு தலையிலிருந்த பூவை எடுத்து, முறிந்த ஸ்பிரிங்மேல் வைத்துவிட்டு, வந்த வழியே நடந்து போனாள்.

அதன் பிறகு வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சமைத்தாள், பரிமாறினாள். கொட்டகைப் பக்கம் மட்டும் வரவில்லை. வாங்க வந்தவர்கள், "அலமேலு எங்கே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். பாயில் இரண்டு அரிசி மூட்டையை ஏற்றிப் பார்த்தார். அரிசி மூட்டை எங்கள் வீட்டிலும் இருக்கிறது, இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்றார்கள்.

அது போனால் போகட்டும். சாயந்திரங்களை என்ன செய்வதென்றுதான் அவருக்குத் தெரியவில்லை. தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு, தானே உட்கார்ந்து குடித்தார். அது இறங்கவில்லை. குழாயடியில் அலமேலு சொன்னது சத்தியமான வார்த்தைதான் என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது. அத்தனை நாளும் ஸ்பிரிங்கைப் பார்த்தபடி "ம்" கொட்டியிருந்தாலும், அந்தக் குரல் காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. அது நின்றதும் கொட்டகையே காலியாகிவிட்டது. அந்த வான்கோழி வேறு அவரை வாட்டியது. கலியாணப் பந்தலுக்குள் புகுந்தது, சரி. பிறகு? பிடித்தார்களா, சமைத்துவிட்டார்களா? அஞ்சலையைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அவருக்கு அஞ்சலை சொல்லி அதைக் கேட்க வேண்டாம்.

ஒரு சாயந்திரம் வீட்டுக்குள்ளிருந்த ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டகை நடுவில் போட்டார். தேத்தண்ணியும் அவரே போட்டுக் கொண்டுவந்து வைத்தார். அடுக்களை வாசலில் போய் நின்றார்.

"அலமேலு... அந்த வான்கோழி என்னாச்சு?"

அவள் அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். குனிந்து அதன் அடியில் பார்த்தாள். ஸ்பிரிங் இல்லை, கட்டை இல்லை, அளவுகோல் இல்லை. வெறும் மண் தரை. உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பயந்து ஓடிட்டாங்க," என்று ஆரம்பித்தாள். அவர் கேட்டார். நிஜமாகவே கேட்டார். வான்கோழி மணவறையில் ஏறி உட்கார்ந்த இடம் வந்தபோது அவர் சிரித்தார். தான் சொன்ன கதைக்கு அவர் சிரிப்பதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா குருபோங் அன்னாசித் தோட்டத்துச் சீன முதலாளி, தவுக்கே பூன், வந்து நிற்க வேண்டும்? அறுவடை தொடங்கிவிட்டது, உடனே ஓர் அச்சு வேண்டும், அலமேலுவை உட்காரச் சொல் என்றார் மலாயில். மறைக்க இனி என்ன இருக்கிறது?

கலியாணசுந்தரம் அலமேலுவைப் பார்த்தார், கட்டைமேல் இருந்த அச்சைப் பார்த்தார்.

"இல்ல தவுக்கே. அலமேலு இனிமே அளவு இல்ல. அரிசி மூட்டைதான் இருக்கு. வேணுமின்னா பாருங்க, இல்லாட்டி போங்க."

தவுக்கே உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினார். அலமேலு தன் புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். நேரே போய், பாய்கூட விரிக்காத பலகைமேல் உட்கார்ந்தாள்.

"வாங்க தவுக்கே," என்றாள். "வந்து அளந்துக்குங்க."

தவுக்கே அளவுகோலுக்காகக் கை நீட்டினார். கலியாணசுந்தரம் அதை அவரிடம் கொடுத்துவிட்டார். தரையில் படுக்கவில்லை. போய் அலமேலுவின் பக்கத்தில், பலகைமேலேயே உட்கார்ந்துகொண்டார். ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் இறங்கியது. தவுக்கே நல்ல சட்டையோடு மண்ணில் முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தார். குழம்பிப்போய் நிமிர்ந்தார்.

"இப்ப மேல மொத்தம் எத்தன அலமேலு?" என்று கேட்டார்.

"ஒண்ணுதான் தவுக்கே," என்றாள் அலமேலு. "இவர கணக்குல சேக்காதீங்க. இவருக்கு ஏது எடை."